உங்களுக்குத் தெரியுமா? காக்பிட் திரையில் பக்கத்து விமானம்

● ஜன்னலோர இருக்கை, மேகமில்லாத வானம். திடீரென்று எதிர்த்திசையில் இன்னொரு விமானம் உங்களுக்குக் கீழே விர்ரென்று கடந்து மறைகிறது. உங்களுக்கு அடிவயிறு கலங்கும். முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் அது எதிர்பார்த்த விருந்தாளிதான். ஒரு நிமிடத்துக்கும் மேலாக அதை ஒரு குட்டிச் சாய்சதுரமாகத் திரையில் பார்த்துக்கொண்டே வந்திருப்பார்கள்.

● அந்தச் சாய்சதுரத்தை வரைகிற கருவிக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் 'டீகாஸ்'. 'போக்குவரத்தை எச்சரித்து மோதலைத் தவிர்க்கும் அமைப்பு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். தரையில் இருக்கும் ரேடாரையோ கட்டுப்பாட்டு அறையையோ இது நம்பி இருப்பதில்லை. விமானத்துக்கு விமானம் நேரடிப் பேச்சு.

● திரையைப் படித்துப் பார்ப்போமா? நம் விமானம் ஒரு சின்னப் படமாக நிற்கும். சுற்றிலும் தூர வளையம். உள்ளே வெறுமையான சாய்சதுரம் என்றால், யாரோ பறக்கிறார், கவலை இல்லை. அதே சாய்சதுரம் நிறம் நிரம்பியிருந்தால், 6 கடல் மைலுக்குள்ளும் உயரத்தில் 1,200 அடிக்குள்ளும் வந்துவிட்டார். மஞ்சள் வட்டமாக மாறினால் விஷயம் இருக்கிறது. சிவப்புச் சதுரம் வந்துவிட்டால் டீயை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். நிறத்தோடு வடிவமும் சேர்ந்து மாறுவதைக் கவனியுங்கள். ஒன்று தப்பினாலும் மற்றது கண்ணில் படும்.

● ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒட்டினாற்போல ஓர் எண் இருக்கும். '+10' என்றால் நம்மைவிட 1,000 அடி மேலே. '-07' என்றால் 700 அடி கீழே. கூடவே மேல்நோக்கி ஓர் அம்பு இருந்தால், அவர் நிமிடத்துக்கு 500 அடியோ அதற்கு மேலோ ஏறிக்கொண்டிருக்கிறார். '-07', பக்கத்தில் மேல் அம்பு: கீழே இருப்பவர் நம்மை நோக்கி ஏறி வருகிறார் என்று பொருள். மேலே இருப்பவரின் எண் சின்னத்துக்கு மேலேயும், கீழே இருப்பவரின் எண் சின்னத்துக்குக் கீழேயும் எழுதப்படும். சின்ன ஏற்பாடுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும்போது கூட்டல், கழித்தல் குறியைத் தேட வேண்டியதில்லை.

● சாதாரணமாகத் திரை மேலே 2,700 அடி, கீழே 2,700 அடி வரை இருப்பவர்களையே காட்டும். எல்லாரையும் காட்டினால் திரை சந்தைக்கடை ஆகிவிடும். ஏறும்போது 'மேலே' என்ற நிலைக்குத் திருகினால் நமக்கு மேலே 9,900 அடி வரை தெரியும், இறங்கும்போது 'கீழே'.

● உங்கள் கையில் இருக்கும் மொபைலில் விமானத் தட ஆப் ஒன்றைத் திறந்தால், தலைக்கு மேலே போகும் விமானத்தின் பெயர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறது, எல்லாம் வந்துவிடும். டீகாஸ் திரையில் இது எதுவுமே கிடையாது! பெயரில்லாத சாய்சதுரம், ஓர் எண், ஓர் அம்பு. அவ்வளவுதான். யார் என்பது மோதலைத் தவிர்ப்பதற்குத் தேவையில்லை என்பது அதை வடிவமைத்தவர்களின் கணக்கு. புதிய விமானங்கள் சிலவற்றில் பெயரும் வருகிறது. அந்தக் கதை பின்னால்.

● 'மீன் காட்டி.' ஆங்கிலம் பேசும் விமானிகள் சிலர் இந்தத் திரைக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் இது. மீன்பிடி படகில் தண்ணீருக்கடியில் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி நினைவுக்கு வந்ததாம். "எதிரே போகும் விமானம் தெரிகிறதா?" என்று கட்டுப்பாட்டாளர் கேட்டால், "மீன் காட்டியில் இருக்கிறார்" என்று பதில் சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்தால்தான் 'தெரிகிறது'.

● அப்படியானால் கண் அவ்வளவு நம்பகமா? அதுவும் இல்லை. எதிரெதிரே தலா 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு ஜெட்கள் ஒவ்வொரு நொடியும் அரை கிலோமீட்டர் நெருங்குகின்றன. ஒரு பொருளைப் பார்த்து, அது விமானம் என்று உணர்ந்து, நம்மேல் மோத வருகிறது என்று புரிந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்க 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குக் கொடுக்கும் கணக்கு. அதற்குள் ஆறு கிலோமீட்டர் போய்விடும். ஆறு கிலோமீட்டர் தள்ளி, நேர் எதிரே வரும் போயிங் 737-இன் உடல் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிப் பேனாவால் வைத்த ஒரு புள்ளி அளவுதான்.

● இதில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. நம்மேல் மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகராது. நகர்ந்து போகும் புள்ளி நம்மைக் கடந்துவிடும். ஒரே இடத்தில் ஈ எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளிதான் ஆபத்து. மனிதக் கண்ணோ அசைவதைப் பிடிப்பதில் கெட்டி, அசையாததைக் கோட்டை விட்டுவிடும். கடைசி சில நொடிகளில்தான் அந்தப் புள்ளி மளமளவென்று பெரிதாகும்.

● 1956 ஜூன் 30. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே, 21,000 அடியில், இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். 'பார்த்து ஒதுங்கிக்கொள்' என்ற பழைய விதியை நம்பித்தான் இரண்டும் பறந்தன. இந்த விபத்து எழுப்பிய கூச்சலில்தான் 1958-இல் விமானப் போக்குவரத்துக்கென்று தனி அமைப்பை உருவாக்கும் சட்டம் அங்கே வந்தது.

● அதே காலத்தில் பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜே.எஸ். மோரெல் என்பவர் மோதலின் இயற்பியலை எழுதினார். தூரத்தைப் பார்க்காதே, நேரத்தைப் பார் என்பது அவர் யோசனை. இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை, நெருங்கும் வேகத்தால் வகுத்தால் மிச்சமிருக்கும் நொடிகள் கிடைக்கும். 15 கிலோமீட்டர் தள்ளி நேர் எதிரே வருபவருக்கும் நமக்கும் 30 நொடிதான். 5 கிலோமீட்டர் தள்ளி அதே திசையில் பறப்பவரால் ஒரு தொல்லையும் இல்லை. இன்றைக்கும் டீகாஸ் இந்த வகுத்தலைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

● ஆனால் வெறும் வகுத்தல் ஒரு இடத்தில் காலை வாரும். பின்னாலிருந்து மெல்ல மெல்ல நெருங்குபவர் மிக அருகில் வந்த பிறகும், கணக்கு 'இன்னும் நிறைய நேரம் இருக்கிறது' என்றே சொல்லும். அதனால் நேரத்தோடு ஒரு குறைந்தபட்சத் தூரமும் சேர்க்கப்பட்டது.

● முதன்முதலில் பயணிகள் விமானத்தில் டீகாஸை வைத்துப் பார்த்தபோது திரையை விமானிகளுக்குக் காட்டவே இல்லை! 1981-82-இல் அமெரிக்காவின் பீட்மான்ட் ஏர்லைன்ஸ் போயிங் 727-களில் மாதிரிக் கருவிகள் பறந்தன. திரை விமானிகளின் பார்வைக்கு எட்டாத இடத்தில். பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தனி ஆள். பச்சைப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு விமானத்தைத் திருப்பிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை.

● 1978 செப்டம்பரில் சான் டியாகோவில் 144 பேர் இறந்த மோதலில், சின்ன செஸ்னா ஒன்று முன்னால் இருப்பதைக் கட்டுப்பாட்டாளர் சொன்னார், பயணிகள் ஜெட்டின் விமானிகளும் பார்த்தார்கள். பிறகு தவறவிட்டார்கள். அது பின்னால் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். 1986 ஆகஸ்ட் 31-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே செர்ரிட்டோஸில் மறுபடி. தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 உயிர்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றம் பொறுமை இழந்தது. 30 இருக்கைக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் 1993 முடிவதற்குள் டீகாஸ் என்று ஆனது. யோசனை பிறந்து முப்பத்தேழு ஆண்டுகள்!

● டீகாஸ் வேலை செய்யும் விதம் இருட்டில் குரல் கொடுப்பது போலத்தான். நம் விமானம் 1030 மெகாஹெர்ட்ஸில் "யார் அங்கே?" என்று கேட்கும். மற்றவரின் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். பதில் வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரம், பதிலுக்குள்ளேயே உயரம்.

● திசை மட்டும் தகராறு. விமானத்தின் முதுகில் இருக்கும் சின்ன ஆன்டெனாவை வைத்துத்தான் அதைக் கணிக்க வேண்டும். சில பாகைகள் முன்னே பின்னே இருக்கும். திரையில் இடப்பக்கம் தெரிபவர் உண்மையில் நேர் எதிரே இருக்கலாம். அதனால்தான் டீகாஸ் 'ஏறு', 'இறங்கு' என்று மட்டும் சொல்லும். 'இடப்பக்கம் திரும்பு' என்று ஒருநாளும் சொல்லாது. திரையைப் பார்த்துத் தானாக விமானத்தைத் திருப்பக் கூடாது என்று விமானிகளுக்குப் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். பக்கவாட்டிலும் திருப்பும் மூன்றாம் தலைமுறைக் கருவியைச் செய்து பார்த்தார்கள். திசைக் கணிப்பு போதவில்லை, கைவிட்டார்கள்.

● குறுகலான வராந்தாவில் எதிரே வருபவருக்கு வழிவிட நாம் இடப்பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்க, முட்டிக்கொண்டு சிரிப்போமே! ஆகாயத்தில் அது நடக்காமலிருக்க இரண்டு டீகாஸ் கருவிகளும் பேசிவைத்துக்கொள்கின்றன. "நான் ஏறுகிறேன், நீ ஏறாதே." இரண்டும் ஒரே கணத்தில் ஒரே முடிவை எடுத்துவிட்டால்? ஒவ்வொரு விமானத்துக்கும் தனி முகவரி எண் உண்டு. மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் எண்கள். யாருடைய எண் பெரிதோ அவர் முடிவை மாற்றிக்கொள்வார். பெரியவர் விட்டுக்கொடுக்கும் வழக்கம் இயந்திரங்களிடமாவது இருக்கிறது.

● குரல் இரண்டு வகை. "டிராஃபிக், டிராஃபிக்" என்றால், தேடிப் பார், தயாராக இரு, விமானத்தை அசைக்காதே. மோதலுக்கு 20 முதல் 48 நொடிக்கு முன்னால் இது வரும், உயரத்தைப் பொறுத்து. "கிளைம்ப், கிளைம்ப்" என்றோ "டிசென்ட், டிசென்ட்" என்றோ கேட்டால் அது உத்தரவு. 15 முதல் 35 நொடிதான் பாக்கி.

● உத்தரவு வந்த 5 நொடிக்குள் விமானி அசைத்திருக்க வேண்டும். ஏறும் வேகத்தைக் காட்டும் கருவியில் சிவப்பும் பச்சையுமாக வளைவு தோன்றும். முள்ளைச் சிவப்பிலிருந்து வெளியே கொண்டுவந்து பச்சையில் நிறுத்த வேண்டும். முதல் உத்தரவு பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 அடி. நீங்கள் பயணியாக இருந்தால், லிஃப்ட் கிளம்பும்போது வருவதைவிடச் சற்று அழுத்தமான ஓர் உணர்வு, அவ்வளவுதான்.

● அந்தக் கணத்தில் விமானி ரேடியோவில் சொல்வது இரண்டே சொல்: "டீகாஸ் ஆர்.ஏ." ஆர்.ஏ. என்பது அந்த உத்தரவைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். கட்டுப்பாட்டாளர் சொல்ல வேண்டியது ஒரே சொல்: "ரோஜர்." அதற்குமேல் ஏறு, இறங்கு என்று எந்த உத்தரவும் தரக் கூடாது, "மோதல் தீர்ந்தது" என்று விமானி சொல்லும் வரைக்கும். இந்த ஒரு சொல் ஒழுங்குக்கு எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதற்கு இரண்டு கதைகள்.

● 2001 ஜனவரி 31, ஜப்பான். ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள், எண்கள் 907, 958. கட்டுப்பாட்டாளர் 958-ஐ இறக்க நினைத்தார். வாயில் வந்தது 907. ஜம்போ விமானமான 907 இறங்கத் தொடங்கியது. அதன் டீகாஸ் "ஏறு" என்றது. விமானி கட்டுப்பாட்டாளர் பேச்சையே கேட்டார். 958-ன் டீகாஸ் "இறங்கு" என்றது; அவரும் இறங்கினார். இரண்டிலும் சேர்த்து 677 பேர். கடைசிக் கணத்தில் கண்ணால் பார்த்து 907-ஐ மூக்குக் குப்புறத் தள்ளியதால் மயிரிழையில் தப்பினார்கள்.

● பதினேழு மாதம் கழித்து அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே 36,000 அடி. ரஷ்யாவின் துபலெவ் விமானத்தில் 69 பேர், பெரும்பாலோர் ஸ்பெயினுக்குச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். குறுக்கே சரக்கு விமானமான போயிங் 757, இரண்டு விமானிகள். அந்த வான்பகுதியை சூரிச்சிலிருந்து ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர், இரண்டு மேசைகளுக்கு மாறி மாறி நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஓய்வில். முதன்மைத் தொலைபேசி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்து நிலையத்தார் ஆபத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள்.

கட்டுப்பாட்டாளர் துபலெவை இறங்கச் சொன்னார். ஏழு நொடி கழித்து அதன் டீகாஸ் "ஏறு" என்றது. "ஏறச் சொல்கிறதே" என்று துணை விமானி சொன்னது பதிவாகியிருக்கிறது. கட்டுப்பாட்டாளர் மறுபடியும் இறங்கச் சொன்னார். கூடவே, மற்ற விமானம் வலப்பக்கம் என்று தவறாகவும் சொல்லிவிட்டார். அவர்கள் வலப்பக்க இருட்டில் தேடினார்கள். சரக்கு விமானம் தன் டீகாஸ் சொன்னபடி ஒழுங்காக இறங்கியது. இருவரும் இறங்கினார்கள். 71 பேர்.

துபலெவ் விமானிகள் விதியை மீறியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களின் கையேட்டில் கட்டுப்பாட்டாளர் சொல்லே பெரிது, டீகாஸ் துணைக்கு என்ற தொனிதான் இருந்தது. நாட்டுக்கு நாடு விதிகள் முரண்பட்டன என்று விசாரணையே சொன்னது. அதன் பிறகுதான் உலகம் முழுவதும் ஒரே விதி: டீகாஸ் உத்தரவும் மனிதர் உத்தரவும் மோதினால், டீகாஸ்.

● நம் நாட்டுக் கதை இன்னும் பெரியது. நடுவானில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகிலேயே அதிகம் பேர் இறந்தது ஹரியானாவில், சர்க்கி தாத்ரி கிராமங்களுக்கு மேலே. 1996 நவம்பர் 12, மாலை இருட்டும் நேரம். டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதியா போயிங் 747-க்கு 14,000 அடி. டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின் 76-க்கு 15,000 அடி. போகிறவருக்கும் வருகிறவருக்கும் அப்போது ஒரே வான்பாதை. கட்டுப்பாட்டாளர் "எதிரே சவுதியா ஜம்போ, 14 மைல்" என்று எச்சரித்தும் இருக்கிறார். கஜக் விமானத்தில் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு ரேடியோ ஆபரேட்டருக்கு. அவர் முன்னால் தனி உயரமானி இல்லை. விமானம் 15,000-ஐத் தாண்டி இறங்கிவிட்டது. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இரண்டு விமானத்திலும் டீகாஸ் இல்லை. இருந்திருந்தால், அந்த மாலையில் இரண்டு காக்பிட்டுகளிலும் முதலில் ஒரு மஞ்சள் வட்டம் தோன்றியிருக்கும். நீதிபதி லஹோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு இந்தக் கருவியை அரசு கட்டாயமாக்கியது இதற்குப் பின்புதான்.

● டீகாஸின் குரலிலும் ஒரு பிழை இருந்தது. ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் குறை என்பதற்கு அது முன்பு "அட்ஜஸ்ட் வெர்ட்டிகல் ஸ்பீட், அட்ஜஸ்ட்" என்று சொல்லும். சரி செய் என்றால் எந்தப் பக்கம்? சில விமானிகள் பதற்றத்தில் எதிர்ப்பக்கம் சரி செய்துவிட்டார்கள். டீகாஸ் மென்பொருளின் 7.1 பதிப்பில் அதை நீக்கிவிட்டு "லெவல் ஆஃப்" ஆக்கினார்கள்: சமமாகப் பற. யூபர்லிங்கன் காட்டிக்கொடுத்த இன்னொரு குறையையும், அதாவது ஒருவர் பேச்சைக் கேட்காவிட்டால் மற்றவருக்கு உத்தரவைத் தலைகீழாக மாற்றத் தயங்கியதையும், அதே பதிப்பில் திருத்தினார்கள். ஐரோப்பாவில் 2015 டிசம்பர் முதல் எல்லாருக்கும் 7.1 கட்டாயம். ஒரு சொல்லை மாற்றவே இத்தனை ஆண்டு.

● சிவப்பு எல்லா நேரமும் ஆபத்து என்று பொருளல்ல. கீழேயிருந்து வேகமாக ஏறி வருபவர், நமக்கு 1,000 அடி கீழே நின்றுவிடப் போகிறார். அவருக்கு அது தெரியும், கட்டுப்பாட்டாளருக்குத் தெரியும். டீகாஸுக்குத் தெரியாது, அது வேகத்தை மட்டும்தான் பார்க்கிறது. கத்திவிடும். அதனால் கடைசி 1,000 அடியில் ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது அறிவுரை. பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார் என்று மாடிப்படியில் மெதுவாக ஏறுவதில்லையா?

● மலை முதல், விமானம் பிறகு. தரையில் மோதப்போகிறோம் என்ற எச்சரிக்கையும் டீகாஸும் ஒரே நேரத்தில் கத்த வந்தால் டீகாஸ் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

● டிரான்ஸ்பாண்டர் இல்லாதவர் டீகாஸுக்கு இல்லாதவரே. பலூன், பல கிளைடர்கள், பறவைக் கூட்டம், ட்ரோன்: எதுவும் திரையில் வராது. இருந்தும் அணைந்திருந்தால்? 2006 செப்டம்பர் 29, பிரேசிலில் அமேசான் காட்டுக்கு மேலே 37,000 அடி. புத்தம்புது லெகசி என்ற சின்ன ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் ஏறக்குறைய ஒரு மணி நேரமாக மௌனம். அது பதில் சொல்லாததால் எதிரே வந்த கோல் நிறுவனத்தின் போயிங் 737 திரையிலும் அது இல்லை; அதன் திரையிலும் போயிங் இல்லை. சின்ன ஜெட் இறக்கை நுனியை இழந்து ராணுவத் தளத்தில் இறங்கிவிட்டது. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். 'டீகாஸ் ஆஃப்' என்று ஒரு சின்ன எழுத்து திரையில் நின்றுகொண்டுதான் இருந்தது. மணி அடிக்கவில்லை, விளக்கு மின்னவில்லை. போக்குவரத்தே இல்லாத வானமும், பார்வை இழந்த திரையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். இந்தத் தொகுப்பில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

● தரைக்கு 1,000 அடிக்குக் கீழே டீகாஸ் 'ஏறு, இறங்கு' உத்தரவு தராது. இறங்கும் விமானத்தைத் தரையில் மோதவிடக் கூடாது, ஓடுபாதையில் நிற்பவர்களைப் பார்த்து அலறக் கூடாது என்பதற்காக வைத்த தடை. 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் 300 அடி அளவில் மோதின. 67 பேர். மோதலுக்குச் சுமார் 20 நொடிக்கு முன் ஜெட்டின் காக்பிட்டில் "டிராஃபிக், டிராஃபிக்" என்ற குரல் ஒலித்திருக்கிறது. அடுத்த குரல் வரவில்லை. வரவும் முடியாது.

● கேட்டால் பதில் சொல்வது பழைய முறை. கேட்காமலே ஒவ்வொரு நொடியும் "நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்த உயரம், இந்த வேகம்" என்று ஜி.பி.எஸ் கணக்கை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போவது புதிய முறை: ஏ.டி.எஸ்-பி. உங்கள் மொபைல் ஆப் ஒட்டுக்கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இதைக் கேட்கும் கருவி காக்பிட்டில் இருந்தால் திரையில் பெயரும் வரும், திசையும் துல்லியமாக வரும். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் முக்கிய வான்பகுதிகளில் எல்லாரும் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது. சொல்வதை மட்டும்தான் கட்டாயமாக்கினார்கள், கேட்பதை விட்டுவிட்டார்கள்! பாதி வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

● கேட்கவும் வைத்துப் பார்த்த ஊர் அலாஸ்கா. சாலையே இல்லாத பெத்தல் வட்டாரத்தில் மளிகையிலிருந்து மருந்து வரை குட்டி விமானத்தில்தான் வரும். 1999-இல் தொடங்கிய கேப்ஸ்டோன் திட்டத்தில் அந்தக் குட்டி விமானங்களில் பக்கத்து விமானம், மலை, வானிலை எல்லாம் தெரியும் திரைகளைப் பொருத்தினார்கள். பொருத்திய விமானங்களின் விபத்து விகிதம் சுமார் 47 சதவீதம் குறைந்தது.

● தொலைக்காட்சி வீடுகளுக்குள் பரவலாக வருவதற்கு முன்பே காக்பிட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். 1940-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ நிறுவனம் 'டெலிரான்' என்ற திட்டம் வைத்திருந்தது. தரை ரேடாரின் படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பி, விமானி முன்னால் காட்டுவது. நடைமுறைக்கு வரவில்லை. நல்ல யோசனைகளுக்குக் கூட நேரம் வர வேண்டும்.

● கிளைடர்காரர்களின் கஷ்டம் வேறு. ஒரே வெப்பக் காற்றுத் தூணில் நாலைந்து கிளைடர்கள் கழுகுகள் மாதிரி சுற்றி ஏறும். டீகாஸ் கணக்கு அங்கே ஓயாமல் அலறும். சுவிட்சர்லாந்தில் 2004-இல் வந்த 'ஃபிளார்ம்' அவர்களுக்கானது; வளைந்து பறப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

● 2009-இல் ஏர்பஸ் ஏ380-இல் தானியங்கி விமானியே டீகாஸ் உத்தரவை நிறைவேற்றும் வசதி ஒப்புதல் பெற்றது. மற்ற பல விமானங்களில் இன்றும் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால்தான்.

● அடுத்த தலைமுறை, 'ஏகாஸ் எக்ஸ்'. அமெரிக்காவின் எம்.ஐ.டி லிங்கன் ஆய்வகத்தில் உருவானது. மனிதர்கள் எழுதிய 'இப்படியானால் அப்படிச் செய்' விதிகளுக்குப் பதிலாக, எத்தனையோ சூழ்நிலைகளைக் கணினியில் முன்கூட்டியே ஆராய்ந்து தயாரித்த பெரிய அட்டவணை. ட்ரோன்களுக்கும் தனி வடிவம் உண்டு.

● கடைசியாக ஒன்று. ஜப்பானின் அந்த 907 மோதவில்லை. இருந்தும் அதில் சுமார் நூறு பேர் காயப்பட்டார்கள். விமானம் குப்புறச் சரிந்தபோது பெல்ட் போடாதவர்களும் பானங்கள் வைத்திருந்த தள்ளுவண்டியும் கூரைக்குப் போய்விட்டார்கள். பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டுக்கொண்டே உட்கார்ந்திருங்கள். மஞ்சள் வட்டம் உங்கள் திரையில் தெரியாது.